அக்காவின் ஒரு வருட விரதம்

நானும் அக்காவும் குண்டு. நெமிலிச்சேரியில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே பெரிய பூசணி, சின்னப் பூசணி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. அக்கா நூற்றெட்டு கிலோ, நான் தொண்ணூற்றொன்று. அவள் பக்கத்தில் நின்றால் நான் ஒல்லி. கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கும்போது தேடிப் போய் அவள் பக்கத்தில் நிற்பேன். அவள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. குவார்ட்டர்ஸ் மதிலுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். மதிலில் இடிந்த இடம் ஒன்று உண்டு. அதில் பக்கவாட்டில் நுழைந்து நான் அவள் வீட்டுக்குப் போவேன், அவள் என் வீட்டுக்கு வருவாள். அவள் நுழையும்போது புடவையில் சுண்ணாம்பு ஒட்டும். எனக்கு ஒட்டாது. இதையெல்லாம் நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அக்காவுக்கு முட்டி போய்விட்டது. படுத்தால் மூச்சு அடைத்தது. மாமாவின் அண்ணன் மகன் டாக்டருக்குப் படித்தவன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பெரிய டாக்டரிடம் அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். வயிற்றில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு பையை மட்டும் விட்டு மற்றதை மூடிவிடுவார்களாம். குடலை எடுத்து அந்தப் பையில் நேராகக் கோத்துத் தைத்துவிடுவார்களாம். அப்புறம் தின்ன நினைத்தாலும் தின்ன முடியாதாம். அப்படி ஓர் ஆபரேஷன் இருப்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஆனி மாதத்தில் நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதடி. கர்ப்பப்பை எடுத்துட்டாங்கன்னு சொல்லு. வாயக் கட்டத் தெரியாம வயித்த வெட்டிக்கினான்னு ஊரே சிரிக்கும்.”

“நான் ஏன்க்கா சொல்லப் போறேன்” என்றேன். அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன்.

முதல் மாதம் வடிகட்டின கஞ்சியும் பருப்புத் தண்ணீரும். மருந்து ஊற்றும் சின்ன மூடியில் ஊற்றி, ஒரு மூடி குடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். ஐயோ பாவம் என்று எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் மாதம் கைவளையல் தானாகக் கழன்று விழுந்தது. அழுகை நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் எண்பத்தெட்டு கிலோ. நான் தொண்ணூற்றிரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக நான்தான் பெரிய பூசணி.

ஒருநாள் ஒரு பை நிறைய ரவிக்கைகளைக் கொண்டுவந்தாள். “எல்லாம் தொளதொளன்னு ஆயிட்ச்சுடி. உனக்கு சரியா இருக்கும்” என்றாள். நல்ல மனதோடுதான் கொடுத்தாள். போட்டுப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அவள் போனதும் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

எனக்கும் அந்த ஆபரேஷனைச் செய்யச் சொல்லி அவளை டாக்டரிடம் கேட்க வைத்தேன். என் எடைக்கு அது தேவையில்லை, இன்னும் பதினைந்து கிலோ இருந்திருந்தால் யோசிக்கலாம் என்றாராம். குண்டாக இருப்பதிலும் நான் இரண்டாவதுதான்.

என் வீட்டுக்காரர் வாயையும் சொல்ல வேண்டும். “உங்க அக்காவப் பாத்தியா? காலேஜ் பொண்ணு கணக்கா நடக்குறாங்க” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். நான் குழம்பை அவர் தட்டில் ஊற்றாமல் பக்கத்தில் தரையில் ஊற்றினேன். கை தவறிவிட்டது என்றேன்.

ஐந்தாம் மாதம் அக்காவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. கைச் சதை பழைய துணி மாதிரித் தொங்கியது. முழங்கை வரை மூடும் ரவிக்கையாகத் தைத்துக்கொண்டாள். அவள் கண்ணாடி முன் நின்று அழுதபோது நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோஷம்தான்.

அதற்கு முன்பே, தீபாவளியின்போது, இந்த விரத விவகாரம் தொடங்கிவிட்டது. அக்காவின் எதிர்வீட்டு அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தட்டு நிறைய அதிரசமும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான் செஞ்சா திங்க மாட்டியளோ?” என்று அந்த அம்மா முகம் சுருங்கிக் கேட்டார்.

அக்கா தடுமாறிப் போனாள். “ஐயோ, அப்டி இல்லக்கா. அம்மனுக்கு வேண்டிகினு கீறேன். ஒரு வருசம். வேளைக்கு ஒரு பிடிதான். ஆனி மாசத்துலேர்ந்து இருக்கேன்.”

எதிர்வீட்டு அம்மாவின் கண் அகல விரிந்தது. அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அதான் இப்படி ஆயிட்டியளா! என்ன விரதம்மா அது? எப்படி இருக்கணும்?”

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. டாக்டர் டைப் அடித்துக் கொடுத்த தாளில் இருந்ததைத்தான் அக்கா சொன்னாள். ஒரு வாய்ச் சோற்றைக் கூழாகிற வரை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். சர்க்கரை, வெல்லம் கூடாது. எண்ணெயில் பொரித்தது கூடாது. கலர், சோடா கூடவே கூடாது.

பொங்கலுக்குள் அக்காவின் குவார்ட்டர்ஸ் வரிசையில் எட்டுப் பெண்கள் அந்த விரதத்தில் இருந்தார்கள். குளித்து, விளக்கேற்றி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து மென்றார்கள். பட்டாபிராமில் ஒரு கல்யாணத்தில் கலர் கொடுத்தபோது எட்டுப் பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வேண்டாம் என்றதை என் கண்ணால் பார்த்தேன். அம்மனுக்குக் கலர் ஆகாதாம்! நான் இரண்டு பாட்டில் வாங்கிக் குடித்தேன்.

கொடுமை என்னவென்றால் அந்த எட்டுப் பேரும் கொஞ்சம் கொஞ்சம் இளைத்தார்கள். எதிர்வீட்டு அம்மாவே ஆறு கிலோ குறைந்தார். நானும் திருட்டுத்தனமாக மூன்று நாள் இருந்து பார்த்தேன். அவர்களுக்கு அம்மன் மேல் நம்பிக்கை. எனக்கு அந்தத் தாளை டைப் அடித்தது யார் என்று தெரியும். நாலாம் நாள் ஆவடி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு ஊரில் மரியாதை கூடிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமைகளில் குழந்தைகளைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொன்னார்கள். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு பூசினாள். மதில் சந்தில் இப்போது நேராக நடந்து வந்தாள், சுண்ணாம்பு என் புடவையில் ஒட்டியது.

அடுத்த ஆடி வந்தது. அக்கா அறுபத்தாறு கிலோ. குவார்ட்டர்ஸ் கோடியில் இருக்கும் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, பால்குடத்தில் முதல் குடம் அக்காவுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குக் கூழ் கிண்டும் வேலை. பம்பை, உடுக்கை முழங்க மஞ்சள் புடவையில் அவள் குடத்தோடு வந்து இறங்கியதை அடுப்புப் புகைக்குள் நின்று பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்காரி போல இருந்தாள்.

எதிர்வீட்டு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். “ஒரே வயித்துல பொறந்தவதானே நீயும். அக்காவ மாதிரி வாயக் கட்டினா என்ன?”

ஒரு வருடமாக அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். “அவ எங்க வாயக் கட்டினா? ஆபரேசன் பண்ணிகினா! வயித்த அறுத்துச் சின்னதா தச்சிக்கினு வந்தா. விரதமாம் விரதம்!”

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள்.

பிறகு ஒருத்தி சிரித்தாள். “ஆபரேசன் பண்ணா எளைப்பாங்களா? கர்ப்பப்பை எடுத்த நாங்கள்லாம் ஊதிப்போய்த்தானே கீறோம்?” மற்றவர்களும் சிரித்தார்கள். யாரும் என்னை நம்பவில்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும் சிரிக்காமல் அக்காவிடம் போனார். “நல்ல நாள்ல இந்தப் பேச்சு எதுக்கும்மா. ஒரு வருசந்தான் முடிஞ்சிட்டுல்லா? அம்மன் பிரசாதத்தச் சாப்பிட்டு, இங்கனயே விரதத்த முடிச்சிருங்க.”

தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். நெய் மிதந்தது. டாக்டர் தாளில் கோடு போட்டு எழுதியிருந்த விஷயம் எனக்கு நினைவுக்கு வந்தது. இனிப்பைச் சாப்பிட்டால் அது அந்தச் சின்னப் பையில் நிற்காமல் நேராகக் குடலுக்கு இறங்கும். படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். அக்காவுக்கும் தெரியும். ஆனால் நான் சொன்ன சொல்லுக்குப் பிறகு அவள் எப்படி வேண்டாம் என்பாள்? வேண்டாம் என்றால் ஆபரேஷன் உண்மையாகிவிடும்.

என்னைப் பார்த்துக்கொண்டே முழுத் தொன்னையையும் தின்றாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. கை நடுங்கியது. உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. கண் செருகியது. பம்பைக்காரன் பார்த்துவிட்டு அடியை வேகமாக்கினான்.

“ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ கத்தினார்கள். எதிர்வீட்டு அம்மா குலவை போட்டார். வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். காலில் விழுந்தார்கள். ஒருத்தி தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டாள்.

நான் ஓடிப் போய்ப் பிடித்திருக்க வேண்டும். அங்கே நடப்பது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் நின்றுகொண்டிருந்தேன். சாமியும் இவள் மேல்தான் வர வேண்டுமா என்று என் வயிறு எரிந்தது. அது சாமி இல்லை, பொங்கல் என்று தெரிந்துகொண்டே எரிந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் முட்டி மடங்கியபோதுதான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் தோளைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. “ஊட்டுக்கு இட்டுகினு போடி” என்றாள். ஆத்தா வீடு போகக் கேட்கிறாள் என்று பூசாரி வழிவிடச் சொன்னார். ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் போனேன். ஒரு வருடத்துக்கு முன்பு நாலு பேர் சேர்ந்தாலும் முடிந்திருக்காது.

வீட்டில் தரையில் படுக்க வைத்து, ஈரப் புடவையைத் தளர்த்தி விசிறினேன். அவள் மார்பு அடித்துக்கொள்வது வெளியே தெரிந்தது. செத்துவிடுவாளோ என்று பயந்தேன். நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடுமே என்றும் பயந்தேன். முக்கால் மணி கழித்து நடுக்கம் நின்றது. கண்ணைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“பொங்கல் நல்லா இருந்துச்சுடி” என்றாள்.

நான் விசிறியைக் கீழே வைத்தேன்.

“ஒரு வருசம் ஆச்சு. உங்க ஊட்டுக்கு வந்து நீ சாப்பிடறதப் பாத்துகினு உக்காந்திருப்பேன் இல்ல? உன்னத் தள்ளிட்டு அந்தத் தட்ட இழுத்துக்கலாமான்னு இருக்கும். கறிக்கொழம்ப வழிச்சு வழிச்சு நக்குவியே, உனக்குப் பேதி புடுங்கணும்னு வேண்டிகினு கூட இருக்கேன்.” சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வேண்டுதல் எந்த மாதம் பலித்தது என்று என் மனம் கணக்குப் போட்டது.

வாசலில் சத்தம் கேட்டது. எட்டுப் பெண்களும் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழமும் பூவுமாக வந்து நின்றார்கள். ஆத்தாவைப் பார்க்க வேண்டுமாம். அக்கா என் முந்தானையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். நான் எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துத் திறந்து, அவள் தூங்குகிறாள் என்றேன்.

எதிர்வீட்டு அம்மா போகவில்லை. என் முகத்தையே பார்த்தார். “நீ அங்கன என்னமோ ஆபரேசன்னு சொன்னியே. கூடப்பொறந்தவ சும்மா சொல்லுவாளான்னு ஒரு யோசனை. நெசமா சொல்லும்மா.”

உள்ளே அக்கா மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திருநீறு, முதல் குடம் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். நான் மறுபடியும் அவள் பக்கத்தில் நிற்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா” என்றேன். “அவ அழகாயிட்டான்னு எனக்குப் பொறாமை. வயித்தெரிச்சல்ல உளறிட்டேன்.”

இன்னும் இரண்டு சத்தியம் செய்ய வேண்டியிருக்கும், கண்ணீரும் விட வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் தலையை ஆட்டினார்கள். “அதான் எங்களுக்கே தெரியுமே” என்று சொல்லி, தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.