பம்பா, மோட்டாரா என்று படித்துச் சொன்ன கஸ்தூரி

ஒரகடம் கூட்டுரோட்டில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்றபோது, கஸ்தூரி இறந்துவிட்டார் என்று கைப்பேசியில் செய்தி வந்தது. மூளையில் ரத்தக்கசிவு. நாற்பத்தாறு வயது. பஸ் வந்தது. ஏறாமல் வல்லக்கோட்டைக்கு, அவர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் ஆலையின் ஆவணப் பிரிவில் இருந்தவர் அவர். பிரேசிலிலிருந்து வந்த பிரஸ் இயந்திரத்தின் கையேடு போர்ச்சுகீசிய மொழியில் இருந்தது. யாரும் சொல்லாமலே, சாப்பாட்டு இடைவேளைகளில் அந்த மொழியைப் படித்தார். பராமரிப்புப் பிரிவின் பொறுப்பாளனான நான்தான் அதைப் பார்த்து அதிகம் சிரித்தவன்.

ஒருநாள் அந்தப் பிரஸ் பழுதானது. உள்ளே கை விடுமுன் எதை நிறுத்துவது என்பதற்கு கையேட்டிலிருந்து மொழிபெயர்த்த ஓர் ஆங்கிலத் தாள் வைத்திருந்தோம். பம்ப், மோட்டார் இரண்டும் வந்து கடைசியில் ‘ஆஃப்’ என்று முடியும் வரி; இரண்டில் எது என்று அதில் தெளிவில்லை. மோட்டாரை நிறுத்தினோம். தென்காசியிலிருந்து வந்திருந்த ஃபிட்டர் செல்வம் கையை நீட்டினார். கஸ்தூரி கையேட்டோடு ஓடிவந்தார்.

“செல்வம், கைய எடு! சார், மோட்டார் இல்ல, பம்ப நிறுத்தணும்.”

“புரொடக்‌ஷன் லைன் நிக்குது மேடம். இப்ப இன்னா பாடம்?” என்று கத்தினேன்.

அவர் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தார். “டெஸ்லிகாடா. ‘நிறுத்தப்பட்ட’ன்னு அர்த்தம். நம்ம பெயரெச்சத்துல ஆணா பெண்ணான்னு தெரியாது. அவங்களுதுல தெரியும். மோட்டார் ஆண்பால், அதுக்குன்னா ‘டெஸ்லிகாடோ’ன்னு வரணும். பம்ப் பெண்பால். ‘டா’ன்னு கீது பாருங்க.”

பிரஷர் கேஜைப் பார்த்தேன். முள் உச்சியில் நின்றது; பிரஸ் எந்த நொடியும் கையின் மேல் இறங்கியிருக்கும். பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் பம்ப் ஓடியது எங்களுக்குக் கேட்கவில்லை. செல்வம் கையை இழுத்துக்கொண்டு போய்ப் பம்பை நிறுத்தினார். “யக்கா…” என்றார்.

மறுநாள் கூட்டத்தில், தவற்றைக் கண்டுபிடித்தது யார் என்று மேலாளர் கேட்டார். “எங்கள் பிரிவு” என்றேன். கஸ்தூரி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“அவன் கை நல்லா கீது இல்ல சார்? வுடுங்க.”

பிறகு அந்த இலக்கணத்தை அவரிடமே கேட்டேன். ‘இருக்கிறது’ என்னும் வினையோடு வந்தால் அந்தச் சொல் எதைக் குறிக்கிறதோ அதன் பாலுக்கேற்ப ஈறு மாறும். ஒருவர் செய்து முடித்ததைச் சொல்லும் துணைவினையோடு வந்தால் மாறாது என்றார். “செஞ்சது ஆம்பளையா பொம்பளையான்னு அங்க பார்க்க மாட்டாங்க சார்.” இலக்கணம்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அவரை அறிந்தவர்களே, அன்று செல்வத்தின் கையைக் காப்பாற்றியது என் பிரிவு அல்ல, கஸ்தூரி. அவர் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள் மேலாளரிடமும் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். சரியாகப் புரியாத வரியின் கீழ் நான் கையெழுத்துப் போடுவதில்லை. லைன் நின்றாலும் சரி, நாலு பேர் சிரித்தாலும் சரி, கேட்டுவிடுகிறேன்.