முன்கூட்டியே எழுதிய ‘ஏகமனதாக’

கூட்டம் தொடங்குவதற்குள் அதன் முடிவை எழுதிவிடுவார் தையலக்கா. குடியிருப்போர் சங்கத்தின் தீர்மான நோட்டில், அடுத்த நாலைந்து பக்கங்களின் அடியிலும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற வரி மணிமணியான கையெழுத்தில் தயாராக இருக்கும். கேட்டால், “எப்படியும் அதானே வரப்போகுது? நேரம் மிச்சம்!” என்று சிரிப்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சங்கத் தலைவர் “எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்று கேட்டு, யாரும் வாய் திறக்குமுன் “சரி, அடுத்தது” என்பார். ஒன்பது வருடமாக இதே கதைதான். ஒருமுறை எதிர்த்துப் பேசிய குழாய் வேலைக்காரரை, “உக்காருப்பா, உனக்கொண்ணும் தெரியாது” என்று ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்.

அக்கா ஒல்லி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. யாரைப் பார்த்தாலும் முதலில் தோள்பட்டையைத்தான் பார்ப்பார். கீழ்த்தளத்துப் பொது அறைதான் அவர் உலகம். அங்கே மூன்று மெஷின், கூடத் தைக்கும் நான்கு பெண்கள், ஓயாத அரட்டை. “இந்த ரூம் மட்டும் இல்லேன்னா நாங்க அஞ்சு பேரும் வீட்டுல சுவத்தப் பாத்துட்டு உக்காரணும்” என்பார்.

போன ஞாயிறு தலைவர் வாசித்த தீர்மானம்: பொது அறையில் இனி ஸ்கூட்டர்கள் நிறுத்தப்படும். வழக்கம்போல் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே வந்த அக்காவின் பேனா சட்டென்று நின்றது. பக்கத்தின் அடியில், அவருடைய கையெழுத்திலேயே காத்திருந்தது ‘ஏகமனதாக’. தன் அறையைத் தானே தாரைவார்த்து, அதையும் அழகாக எழுதி வைத்திருக்கிறோமே!

“எல்லாருக்கும் சம்மதந்தானே? சரி, அடுத்...”

“இல்லண்ணே!” எழுந்தே விட்டார் அக்கா. “எனக்குச் சம்மதம் இல்ல.”

“நீ எழுதுற வேலைய மட்டும் பாரும்மா.”

“எழுதத்தாண்ணே கேக்குறேன். எத்தன பேருன்னு எழுதணும்ல? ரூம் அப்படியே இருக்கட்டும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!”

குபீரென்று சிரிப்பு. முதலில் குழாய்க்காரர் கை எழுந்தது. அப்புறம் அடேயப்பா, கூடம் முழுக்கக் கைகள்! ஒன்பது வருடமாக மடியிலேயே கிடந்த கைகள். சந்தோஷத்தில் எண்ணிக்கையைத் தவறவிட்ட அக்கா, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இருக்கட்டும் என்றவர்கள் இருபத்தொன்று. வேண்டாம் என்றவர்கள் தலைவரோடு சேர்த்து ஆறு.

அந்தப் பக்கத்து ‘ஏகமனதாக’வுக்குப் பதில் அக்கா எண்ணிக்கையை எழுதி நீட்ட, தலைவர் கையெழுத்துப் போட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். அக்கா ஊக்கைக் கடிப்பதுபோலப் பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டார். பிறகு அளவுகோலை வைத்து, இன்னும் எழுதப்படாத பக்கங்களின் அடியில் காத்திருந்த ‘ஏகமனதாக’வை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிக்கத் தொடங்கினார்.