சிவப்புப் புள்ளடி

சுவிஸில், டீட்டிகோனில் எங்கள் வாசலில் தெருவேலைக்காரர் அடித்த சிவப்புப் பெயின்ற் மணத்துக்கு இன்று ஜன்னலைச் சாத்தினேன். என் சின்ன வயதில், சாம்பியாவின் ஒரு கிராமப்புறத்தில் அப்பா மாவட்டக் கவுன்சிலின் நில அளவையாளராக இருந்தார். புது வீதிக்காக இடிக்கவேண்டிய மண்வீடுகளில் அவருடைய ஆட்கள் பெருக்கல் குறிபோலச் சிவப்புப் புள்ளடி போட வரும்போது உலக்கைச் சத்தம்கூட நின்றுவிடும். ஒருநாள் மிஞ்சிய பெயின்றால் தோழியின் வீட்டுச் சுவரில் நானும் விளையாட்டாக ஒன்று போட்டேன். அவளுடைய தாய் எவரிடமும் கேட்காமல், கோழிகளைக் கூடையில் அடைத்து, பானைகளை வெளியே வைத்து, கூரைப்புல்லைத் தானே பிரிக்கத் தொடங்கினாள்.

“இந்த வீடு பிளானில இல்லையே, ஆர் போட்டது?” என்று கேட்டபடி வந்த அப்பா சிவப்புப் படிந்த என் விரல்களைப் பார்த்தார். பிளானை விரித்து, பென்சிலால் அந்த வீட்டையும் வீதிக்குள் வரும்படி கீறினார்.