சிவப்பை அழுத்திய மூன்றாவது லைன்

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கைரேகை வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாள் இன்னொரு மெஷின் வந்து நின்றது. அதில் மூன்று முகங்கள். சிரிக்கிற பச்சை, சும்மா இருக்கிற மஞ்சள், உம்மென்ற சிவப்பு. வேலை முடிந்து போகிறவர்கள் தங்கள் லைன் எண்ணைத் தட்டிவிட்டு, அன்றைய நாள் எப்படி இருந்தது என்று ஒரு முகத்தை அழுத்த வேண்டும். பெயர் கேட்காது. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் தொழிலாளர்கள் மனம் ஒன்றி வேலை செய்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். பதில் சொல்லும் பொறுப்பு எச்.ஆர். மேடமான என் தலையில் விழுந்தது. எனக்கு அதை எப்படி அளப்பது என்று தெரியாது. வேலூரிலிருந்து தினம் வந்து போகிற என்னைக் கேட்டாலே, அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்வேன்.

முதல் மாதக் கணக்கைப் பார்த்ததும் குழம்பிப் போனேன். முதல் லைன் முழுக்கப் பச்சை. அந்த சூப்பர்வைசர் கத்துகிற கத்தல் என் அறை வரை கேட்கும். அங்கே மாதம் தவறாமல் யாராவது ஒருத்தி வேலையை விட்டுப் போய்விடுவாள். மூன்றாவது லைனோ முழுக்கச் சிவப்பு. அங்கே சூப்பர்வைசர் ஒரு அக்கா, பேரணாம்பட்டுக்காரர், தையல் மெஷினிலிருந்தே மேலே வந்தவர். ஒருத்திக்குத் தலைவலி என்றால் அவளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அவரே அவள் மெஷினில் உட்கார்ந்து தைப்பார். அந்த லைனை விட்டு யாரும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். சிவப்பு மங்களகரம் என்று அழுத்துகிறார்களோ என்றுகூட யோசித்தேன். அப்படியென்றால் மஞ்சளும் மங்களம்தானே, அதை ஏன் ஒருத்தியும் தொடவில்லை என்று என்னை நானே மடக்கிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்களிடமே கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார்கள். அப்புறம் ஏன் சிவப்பு என்றால், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மேனேஜருக்கு ஒரு குழப்பமும் இல்லை. "மெஷினுக்கு யார் மேலயும் பகை கிடையாது மேடம். மாசம் முடியட்டும், அந்தம்மாவ பழையபடி தையல்லயே உக்கார வச்சிடலாம்" என்றார்.

விஷயம் அக்காவின் காதுக்கும் போய்விட்டது. என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சம்பளம் கம்மியாவுறதுகூட பரவால்ல மேடம். என் டப்பாவுலேர்ந்து எடுத்துத் தின்றாங்க. கைய கழுவிக்கினு வந்து எங்கூடவே சிரிக்கிறாங்க. போவும்போது சிவப்ப அழுத்திட்டுப் போறாங்க. நான் அவங்களுக்கு இன்னா பண்ணேன்?"

அன்றிலிருந்து அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அந்த வாரம் பேரணாம்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். அக்கா கணக்கு முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் வருவார். பக்கத்தில் மூன்றாவது லைன் பெண் ஒருத்தி. அவளாகவே கேட்டாள்.

"அக்கா எங்ககிட்ட பேசறதில்ல மேடம். கோவமா?"

"வராதா பின்ன? தெனம் சிவப்ப அழுத்தினா?"

"அவங்களுக்காகத்தான மேடம் அழுத்துறோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொன்னாள். "முன்ன வேற ஒரு அக்கா இருந்தாங்க. நல்ல லைன், நல்ல சூப்பர்வைசர்னு பேர் வந்திச்சி. ஒடனே நாட்றம்பள்ளி யூனிட் சரியில்ல, போயி சரி பண்ணுன்னு தூக்கிட்டாங்க. இந்த அக்காவும் போய்ட்டா நாங்க இன்னா பண்றது? அதான் எல்லாரும் பேசி வச்சிக்கினோம்."

"அப்போ முதல் லைன்ல ஏன் எல்லாரும் பச்சை?"

பின் சீட்டிலிருந்து முதல் லைன்காரி ஒருத்தி பதில் சொன்னாள். "எங்க சூப்பர்வைசரும் நாட்றம்பள்ளிக்குப் போவட்டும்னுதான் மேடம்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எடுத்துச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் மாதிரி வாதாடினேன் என்று எனக்கே பெருமை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், டீ கூட வரவழைத்தார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அவ்ளோ நல்லவங்களா அந்தம்மா? இத்தன நாளா தெரியாமப் போச்சே. நாட்றம்பள்ளியில லைன் படுத்துக் கெடக்குது. அங்க அனுப்பிடலாம்."

"சார், அதுக்குப் பயந்துதான் அவங்க சிவப்பையே..."

"நல்லா ஓடுற லைனுக்கு நல்ல ஆள் எதுக்கு மேடம்?"

நியாயம் மாதிரிதான் இருந்தது. அதுதான் எரிச்சல். அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கேள்வியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். லைன் நன்றாக ஓடுவதே நல்ல ஆள் இருப்பதால்தானே? ஆனால் அதை எந்த மெஷினில் காட்டுவது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் பஸ்ஸில் கேட்ட சிவப்பின் காரணத்தைச் சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பைத்தியங்க" என்று சிரித்தார். அத்தனை நாளில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நாட்றம்பள்ளியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும், நான் மேனேஜரிடம் போய்ப் பேசியதால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வந்து, பஸ் மாறிப் போக வேண்டும்.

"ஆவாதவன்னாலும் எறக்குறாங்க, நல்லவன்னாலும் தூக்குறாங்க. எப்டி இருந்தா மேடம் என்ன இங்கயே விடுவாங்க?"

"தெரியலக்கா."

அவர் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"நீங்க பேசனதாலதான் இதுன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம். பஸ்ல வாயத் தொறந்ததாலதான் போச்சுன்னு நெனச்சிக்குவாங்க. நானே கேட்டு வாங்கிக்கினு போறேன்னு சொல்லிடறேன்."

சொன்னபடியே சொல்லிவிட்டார். அன்று சாயந்தரம் அந்தப் பெண்கள் யாரும் அவரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.