சிங்கப்பூர் பேசாத மத்தியானம்

1942 மாசி மாதம். காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். காரைநகரில் ஓடம் மாறி, ஊர்காவற்றுறையில் சவிரிமுத்துவின் பாய்வள்ளத்தில் ஏறி நெடுந்தீவில் இறங்கியபோது மணி பதினொன்று. வழியெல்லாம் வாந்தி. றேடியோ திருத்துகிறவனுக்குக் கடல் ஒத்துவராது என்று சவிரிமுத்து சிரித்துக்கொண்டே வந்தார்.

அங்கே அன்னம்மா என்ற பெண்ணின் வீட்டு றேடியோவுக்குப் புது பற்றரி போட வேண்டும். அவள் கணவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிளாக்கர். அங்கே சண்டை நகர வாசலுக்கே வந்துவிட்டது. பற்றரியைப் பூட்டியதும் சிங்கப்பூர் நிலையம் இங்கிலீசில் பேசியது. அன்னம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

"இது கதைக்கிற வரைக்கும் அவர் உயிரோட இருக்கிறார், தம்பி," என்றாள்.

பன்னிரண்டரை மணிக்கு, ஒரு சொல்லின் நடுவிலேயே குரல் அறுந்தது. அவள் எழுந்து குசினிக்குள் போய், எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். செத்த வீட்டில்தான் அடுப்பு அணையும்.

பதறிப்போய் றேடியோவின் முள்ளைத் திருப்பினேன். டெல்லி இல்லை, லண்டன் இல்லை, சிங்கப்பூருக்குத் தெற்கேயுள்ள பத்தாவியாவும் இல்லை. அப்போதுதான் மூச்சு வந்தது.

"எல்லா ஊரும் ஒரே நேரத்தில விழுமே, அக்கா? இது சூரியன்ர வேலை. மேல்வானத்தில நுண்ணிய மின்துகள்கள் இருக்கு. றேடியோ அலை பட்டால் அதுகள் ஆடி, அலையைக் கீழே திருப்பி அனுப்பும். சூரியன் திடீரெண்டு சீறினால், காத்து அடர்த்தியான கீழ்ப்பக்கத்திலயும் துகள்கள் பிறக்கும். சந்தை நெரிசலுக்குள்ள ஊஞ்சல் ஆட ஏலுமே? அங்கே ஆடுறது எல்லாம் காத்தில மோதி, அலையின்ர பலத்தைச் சூடாய் மாத்திப்போடும். அலை அதோட சரி. கொஞ்ச நேரத்தில எல்லாம் திரும்பும்."

"உண்மையாவோ?"

"ஓம் அக்கா."

அடுப்பை மறுபடி மூட்டினாள். எனக்கும் சோறு போட்டாள்.

ஒன்றரைக்கு டெல்லி வந்தது. பிறகு லண்டன். பத்தாவியாவில் யாரோ பாடினார்கள். நான் சொன்னது அத்தனையும் சரி. சிங்கப்பூர் இருந்த இடத்தில் மட்டும் வெறும் இரைச்சல். முள்ளை நகர்த்தி நகர்த்தி விரல் மரத்தது. அவள் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். என் வாழ்நாளில் அப்படி நான் திகைத்ததில்லை.

காற்று மாறுமுன் வெளிக்கிட வேண்டுமென்று சவிரிமுத்து அவசரப்படுத்தினார். பொழுது சாய்கிற நேரம். துறைவரை அன்னம்மாவும் வந்தாள்.

"தம்பி, சூரியன் இன்னும் சிங்கப்பூர்ப் பக்கம்தான் நிண்டு மறிக்குதோ?"

"ஓம் அக்கா," என்றேன்.

வள்ளம் நகர்ந்தது. கிழக்கே சிங்கப்பூரில் அப்போது இருட்டி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும்.