தேன்மொழியின் பெயரில் என் குரல்

கெடார் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் வாசிப்பதைச் செல்போன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். நன்றாக வாசித்தால் பச்சை, திணறினால் சிவப்பு. சிவப்பு வந்த பிள்ளைக்கு மதியம் தனிப் பயிற்சி உண்டு.

என் மூன்றாம் வகுப்பில் தேன்மொழி மட்டும் சிவப்பு. எனக்கு அது கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. ஒருநாள் அவளைப் பக்கத்தில் நிறுத்தி, செயலியில் அவள் பெயரைத் தொட்டு, பாடத்தை நானே வாசித்துவிட்டேன். பச்சை விழுந்தது.

பெற்றோர் கூட்டத்துக்கு, மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் வேலையை விட்டுவிட்டு அவள் அம்மா வந்திருந்தார். பச்சையைக் காட்டினேன்.

"அவ படிச்சத ஒருவாட்டி கேக்கலாங்களா டீச்சர்?"

மற்ற பெற்றோருக்குச் செய்த பழக்கத்தில் கை பதிவை ஓடவிட்டது. என் குரல் கணீரென்று வாசித்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர். ஆனா எம் பொண்ணு கொரலு தெரியும்." பிறகு மகளிடம் திரும்பினார். "அதான் காலையிலேர்ந்து வராத வராதன்னு சொல்லிக்கினு இருந்தியா?"

தப்புச் செய்தவள் அவள்தான் என்பதுபோலத் தேன்மொழி தலைகுனிந்து நின்றாள்.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன். மறுநாள் மதியம் அவளை வாசிக்கச் சொல்லிச் செல்போனை நீட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நான் படிக்கட்டுமா டீச்சர், இல்ல நீங்களே படிச்சிடுவீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.