குளியலறைக்குள் எடுக்கிற ரேடியோ

கட்டடம் கட்டுகிற இடங்களில் அவரை எல்லோரும் டைல்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகத் தரையிலும் சுவரிலும் டைல்ஸ் ஒட்டுகிறவர். கையில் கடிகாரம் கிடையாது. கட்டிப் பார்த்த இரண்டையும் சிமென்ட் தின்றுவிட்டது. போன் சாப்பாட்டுப் பையோடு வெளியே எங்கேயாவது தொங்கும். அவருக்கு நேரம் சொன்னதெல்லாம் ஒரு பழைய ரேடியோதான்.

அதில் அரை மணிக்கொரு தரம் தலைப்புச் செய்தி வரும். டைல்ஸ் இடுக்குகளில் கிரவுட் என்கிற மாவுக் கலவையைப் பூசி முடிக்க ஒரு செய்தி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க ஆரம்பிக்க அடுத்த செய்தி. முந்தித் துடைத்தால் இடுக்கிலிருந்து கலவை பிடுங்கிக்கொண்டு வரும். பிந்தினால் டைல்ஸ் முகத்தில் வெள்ளையாய்ப் படிந்து உயிரை வாங்கும்.

அந்த ரேடியோ மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தது. அதுவும் எந்த வாரத்தில்! இத்தனை காலம் யாராவது ஒரு மேஸ்திரிக்குக் கீழேயே இருந்தவரிடம், இன்ஜினியர் ஒரு குளியலறையைக் காட்டியிருந்தார்.

"இத மட்டும் தனியா முடிச்சுக் காட்டுங்கக்கா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாக்குறேன். சுத்தமா இருந்தா மிச்சம் இருபத்துமூணும் உங்க பொறுப்பு. ஆளுங்களக்கூட நீங்களே வச்சுக்கங்க."

"ரேடியோவ நான் பாத்துக்கறேன், நீ வேலையப் பாரு," என்றாள் மகள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி போனவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ராத்திரிச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டபடி மடிக்கணினியில் ஒன்பது கட்டங்கள் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தாள். தண்ணீர் தாங்குமா, தூசி தாங்குமா, சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும், மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா என்று எல்லாம் அதில் இருந்தது. மதிப்பெண் கூட்டியதில் உருண்டையான, கருநீல ரேடியோ ஒன்று முதலிடம் பிடித்தது. வாங்கிக் கையில் கொடுத்தபோது, "ஏரியல் எங்க இருக்கு?" என்ற கேள்வி அம்மாவின் நாக்கு நுனி வரை வந்தது. படித்த பிள்ளை பார்த்து வாங்கியிருக்கிறாள், நாம் என்ன குறுக்கே பேசுவது என்று விழுங்கிவிட்டார்.

புதன்கிழமை அதைக் குளியலறைக்குள் வைத்துத் திருகினார். 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது. நான்கு பக்கமும் கான்கிரீட், ஜன்னலோ கையகலம். சரி என்று மகள் பாட்டு நிரப்பிக் கொடுத்திருந்த கார்டை ஓடவிட்டார். நல்ல நல்ல பாட்டுகள். ஒன்று முடிய ஒன்று, மூச்சுவிடாமல் வந்தது. கிரவுட் பூசிவிட்டு வழக்கம்போல மூலைகளைச் சரிபார்த்தபடி செய்திக்குக் காத்திருந்தார். கார்டில் செய்தி எங்கிருந்து வரும்? அது உறைத்து ஓடிப்போய் ஸ்பாஞ்சை எடுத்தபோது ஒரு சுவர் முழுக்க இறுகிவிட்டிருந்தது.

குழாய் மாட்ட வந்த பிளம்பர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, சுவத்துக்குப் பவுடர் பூசி எங்க அனுப்பப் போறீங்க? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"வாய மூடிக்கிட்டு அந்த ஸ்க்ரப்பர எடு."

அன்றைக்கு மீதிப் பொழுதும் மறுநாள் முழுதும் அந்த ஒரு சுவரைத் தேய்ப்பதிலேயே போனது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சுவர் தப்பித்தது. இன்னும் தரை பாக்கி. சனிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள் இருந்தது.

நடந்ததைக் கேட்ட மகள் தன் பட்டியலை மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு, "ஒன்பது கட்டம் போட்டேன். ரேடியோ எங்க உக்காரும்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா," என்றாள்.

"நானும்தான் சொல்லலையே. கெளம்பு, கடை சாத்திடப் போறான்."

அம்மா கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் தன் சிமென்ட் கையுறையையும் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் சிரித்த முகமாக வந்தார்.

"என்ன மாதிரி பாக்கணும்மா?"

"உங்க கடையில பாத்ரூம் இருக்கா?"

"பின்னாடி போய் இடது பக்கம்."

"எனக்கில்லப்பா, ரேடியோவுக்கு."

மூன்று ரேடியோக்களை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் வெளியே காவல் நின்றாள். உள்ளிருந்து இரைச்சல், இன்னொரு இரைச்சல், பிறகு கணீரென்று ஒரு விளம்பரம் கேட்டது. கதவு திறந்தபோது அம்மாவின் கையில் மஞ்சள் நிறத்தில், சுற்றிலும் ரப்பர் கட்டிய, அழகு என்று சொல்லவே முடியாத ஒரு பெட்டி இருந்தது. வளைத்தாலும் ஒடியாத நீளமான ஏரியல். கையுறையோடு திருகத் தோதான பெரிய குமிழ். கடைக்காரர் மறிப்பதற்குள் அதை முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டார். விளம்பரம் நிற்கவில்லை.

"நல்லவேளை, தண்ணி ஊத்திப் பாக்காம விட்டீங்க," என்றார் கடைக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"உள்ளேயே ஊத்திப் பாத்துட்டேன்."

மகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை இன்ஜினியர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். தரையெல்லாம் கிரவுட் பூசி, பார்க்கச் சேறு மாதிரி கிடந்தது. அவர் முகம் மாறியது.

"இன்னும் முடியலையாக்கா?"

டைல்ஸ் அக்காவுக்கு, ஸ்பாஞ்சை எடுத்து இப்போதே துடைத்துக் காட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. உள்ளே குழாயில் தொங்கிய மஞ்சள் பெட்டி யாருடைய பாட்டையோ பாடிக்கொண்டிருந்தது.

"செய்தி இன்னும் வரல சார். வரட்டும், தொடச்சுக் காட்டுறேன்."

"செய்தியா?"

"அஞ்சு நிமிஷம்தான். அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, ஆனால் நின்றார். பாட்டு முடிந்தது. தலைப்புச் செய்தி ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் அக்கா மண்டியிட்டிருந்தார். ஸ்பாஞ்ச் சாய்வாக ஒரு இழுப்பு, அலசல், மறுபடி ஒரு இழுப்பு. சேற்றுக்கு அடியிலிருந்து சதுரம் சதுரமாகத் தரை வெளியே வந்தது. இன்ஜினியர் குனிந்து ஒரு இடுக்கின் மேலாக விரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்து பக்கத்துக் குளியலறையைப் பார்த்தார்.

"அதுல எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"திங்கக்கிழமை காலைல," என்றார் டைல்ஸ் அக்கா, கையுறையோடு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தபடி. "மொத செய்திக்கு."